அழுத்துவதற்கு முந்திய அரை வினாடி

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும் நடக்கும் கலியாணங்களில், பெண்கள் பக்கத்துக்குப் படமெடுக்கப் பெரும்பாலும் பளீலாவைத்தான் அழைப்பார்கள். ஆண்கள் பக்கத்துக்கு ஆள் கிடைப்பது எளிது. மணப்பெண் இருக்கும் மண்டபத்துக்குள் ஓர் ஆடவன் கமராவுடன் நுழைவதை இங்குள்ள பல குடும்பங்கள் விரும்புவதில்லை. அந்த விருப்பமின்மையால்தான் பளீலாவின் வீட்டில் பதினான்கு ஆண்டுகளாக அடுப்பு எரிகிறது.

அவள் என்னிடம் படித்தவள். கணக்கிலும் இலக்கணத்திலும் நடுத்தரம். ஆனால் வகுப்புப் படம் எடுக்க வந்த மனிதரிடம், "சேர், பக்கத்துல ஈக்கிற இவ கண்ண மூடிட்டா, இன்னொண்டு எடுங்க" என்று வரிசையை விட்டு வெளியே வந்து சொன்னவள் அவள் ஒருத்தியே.

அவளுடைய தொழிலுக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. பெண்களின் படங்கள் அவள் கையில் மண்டபத்தை விட்டு வெளியேறக் கூடாது. எல்லாம் முடிந்ததும், கமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் உம்மாவிடம் ஒப்படைத்த பின்னரே அவள் வீட்டுக்குப் போவாள். ஒப்படைப்பதற்கு முன் அவளுக்கு ஓர் அவகாசம் கிடைக்கும். பெண்கள் ஆறு ஆறு பேராகச் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் நேரம் அது. அப்பொழுது பளீலா மேடைக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். வாய் கோணியிருந்தால் அழிப்பாள். முக்காடு விலகியிருந்தால் அழிப்பாள். தாயும் மகளும் கண்ணீர் விடும்போது மூக்கு வழிந்திருந்தால் அதையும் அழிப்பாள். முந்நூறு, நானூறு படங்கள்தாம். சஹன் எடுப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

அவள் எடுக்கும் படம் அழகாக இருக்கும் என்று ஊரார் சொல்லி நான் கேட்டதில்லை. "பளீலா எடுத்தாப் பயமில்ல" என்பார்கள். அந்த ஒரு சொல்லே அவளுடைய தொழிலுக்கு மூலதனம்.

சென்ற ஆண்டு, புத்தளத்தில் உப்பளம் வைத்திருக்கும் ஒரு வீட்டில் கலியாணம் பேசினார்கள். மணப்பெண் ஷிம்லா, மாப்பிள்ளையின் பெயர் முஆஸ். ஷிம்லாவின் உம்மா ஹவ்வா, பளீலாவை அழைத்துக் கதைத்தாள்.

"பளீலா, மாப்புள ஊட்டுல ஆசப்படுறாங்க. பூ எறியக்குள்ள பூவெல்லாம் அந்தரத்துல நிக்கணுமாம்."

"நிக்க வெக்கலாம் ராத்தா."

"ஒங்கட கமராவில ஏலாதாம். மாப்புளட தங்கச்சி அஸ்கா, கொழும்புல கம்பியூட்டர் வேல செய்றா, அவதான் சொன்ன. ஒரு செக்கனுக்கு நூத்திருவது படம் எடுக்கிற ஒண்டு ஈக்காமே?"

"நூத்திருவத வெச்சி என்ன செய்ற?"

"எனக்கென்ன தெரியும்? அது இல்லாட்டி கொழும்பிலருந்து ஆள் எடுப்பாங்களாம்." ஹவ்வா குரலைத் தாழ்த்தினாள். "ஆம்புள ஆள்."

அந்த இரண்டு சொற்களின் பொருள் பளீலாவுக்கு நன்கு விளங்கியது. செல்வாக்குள்ள ஒரு வீட்டில் ஒருமுறை ஆடவன் உள்ளே வந்துவிட்டால், "அங்கேயே உள்ளே விட்டார்களே" என்று அடுத்த வீடும் கதவைத் திறக்கும். அதன் பின் பளீலாவை அழைக்கக் காரணம் இராது.

அன்று மாலையே அவளும் கணவன் ஸப்ராஸும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஸப்ராஸ் ஆலங்குடாவில் டொல்பின் பார்க்கப் போகும் பயணிகளுக்குப் படகு ஓட்டுபவன். அந்தக் கமராவைப் பற்றி இணையத்தில் இருந்த ஆங்கில விளக்கத்தை வாசித்துச் சொல்லும்படி பளீலா கேட்டாள். நான் வாசித்தேன், அவள் விளக்கினாள்.

வழக்கமான கமரா, சத்தமில்லாமல் எடுக்கும்போது படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்குமாம். ஆகையால் மண்டபத்து எல்.ஈ.டி. விளக்குச் சுவரின் முன்னே மணப்பெண்ணின் முகத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். இந்தக் கமரா முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாசிப்பது. பட்டை விழாது, சத்தமும் வராது. பிளாஷ் விளக்கை எந்த வேகத்திலும் பயன்படுத்தலாம். ஓடும் முகத்திலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, விசையை அழுத்துவதற்கு முந்திய அரை வினாடியையும் அது தானாகவே பிடித்து வைத்திருக்கும். கை பிந்தினாலும் கணம் தப்பாது.

குறைகளும் இருந்தன. மங்கிய வெளிச்சத்தில், விலை குறைந்த கமராக்களைவிட இதில் படம் சற்றுப் புள்ளி புள்ளியாகப் பொரியும். பற்றரி விரைவில் இறங்கும். அதற்கான கார்டு தனி வகை; சாதாரண கணினியில் நேரே செருக இயலாது.

"வெல எவ்வளவாம் டீச்சர்?" என்று கேட்டான் ஸப்ராஸ்.

"இருபத்திரண்டு இலட்சத்துக்கு மேல். வில்லை தனி."

"யா அல்லாஹ்! என்ட மொதலாளிட போட்டும் என்ஜினும் சேத்து வித்தாலும் அவ்வளவு வராது. அதுல ஏறி டொல்பின் பாக்கப் போகலாமா எண்டும் எழுதியிரிக்கிதா?"

"ஒங்களுக்கு எல்லாம் பகிடி" என்றாள் பளீலா. ஆனால் அவளும் சிரித்தாள்.

வாங்குவது நடவாத காரியம். கொழும்பில் ஒரு கடையில் நாள் வாடகைக்குக் கிடைத்தது. கலியாணத்துக்கு முதல் நாள் அதைக் கண்டக்குழிக் கடலோரத்துக்குக் கொண்டுபோய்ப் பழகினாள். காற்றுக் காலம், வெள்ளைக்காரர்கள் பட்டங்களைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் பறந்து திரிந்தார்கள். கம்பத்தில் இருந்த ஆலா ஒன்று எழும்பியது. பளீலா பிந்திவிட்டாள். ஆனால் திரையில், அந்தப் பறவை கம்பத்தை விட்டுக் காலெடுக்கும் கணமும் இருந்தது.

"நான் அமத்த முந்தியே எடுத்திரிக்கி!"

"பொஞ்சாதி கேக்க முந்தியே ஓம் சொல்ற மாப்புள மாதிரி" என்றான் ஸப்ராஸ். "இத ஊட்டுலயே வெச்சிக்கொள்ளேலாதா?"

அவள் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியைத் தான் கண்டதில்லை என்று ஸப்ராஸ் பின்னர் என்னிடம் கூறினான்.

கலியாணத்தன்று பெண்கள் பக்கத்தில் நானும் இருந்தேன். வழக்கமாகப் பளீலாவின் கமரா "டக்" என்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்டதும் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வார்கள். அன்று ஒலியே இல்லை. தம்மை எடுக்கிறார்களா இல்லையா என்று எவருக்கும் தெரியவில்லை. அதை அன்று நான் ஒரு வசதி என்றே எண்ணினேன்.

பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். பூக்களை எறிந்தார்கள். அதன் பின், முஆஸ் மணப்பெண்ணின் முன்நெற்றியில் வலக்கையை வைத்து துஆ ஓத வேண்டிய நேரம் வந்தது. பளீலா இரண்டு கஜ தூரத்தில் முழந்தாளிட்டிருந்தாள். கை நெருங்கியது. அவள் அழுத்தவில்லை. ஷிம்லாவின் முகம் அமைதியடையும் வரை காத்திருந்தாள்; அமைந்ததும் அழுத்தினாள். பதினான்கு ஆண்டுகளாக அவள் செய்து வந்ததும் இதுவே. எப்பொழுது அழுத்துவது என்பதைவிட எப்பொழுது அழுத்தாமல் இருப்பது என்பதையே அவள் கற்றிருந்தாள்.

கமராவுக்கு அந்தக் கல்வி இல்லை. அழுத்தாமல் அவள் விட்ட அரை வினாடியை, அறுபது படங்களாக அது எடுத்து வைத்திருந்தது.

சஹன் வைத்தார்கள். பளீலா மேடைக்குப் பின்னால் சென்று அமர்ந்தாள். படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கமராவின் வேகத்தை எல்லா விதத்திலும் எடைபோட்டிருந்தோம். பார்த்து அழிக்கும் விரலின் வேகத்தை அவளும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. விரல் நோக நோகத் தள்ளினாள். சஹன்களை எடுக்கத் தொடங்கியபோது, விருந்தினர் வாசலில் வந்து இறங்கிய படங்களையே அவள் கடந்திருக்கவில்லை.

அஸ்கா மடிக்கணினியுடன் வந்து நின்றாள். அந்தக் கார்டு வாடகைக் கடைக்குத் திரும்ப வேண்டியது. ஹவ்வாவிடம் கொடுத்துவிட முடியாது. அதை வாசிக்கும் கருவியும் அஸ்காவிடம்தான் இருந்தது.

"ராத்தா, கார்டத் தாங்க. கொப்பி பண்ணிட்டுத் தாறன்."

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. நான் இன்னும் பாத்து முடியல்ல."

"என்னத்துக்கு ஒங்களுக்குக் கரச்சல்? நாங்க ஆறுதலாப் பாத்துக்கொள்றம்."

"இல்ல, அழிக்கிற ஒண்டு ரெண்டு ஈக்கும். நான் ஊட்ட கொண்டு போய்..."

"ஊட்டயா?" அஸ்கா சிரித்தாள். "பொம்புளைங்கட படத்த நீங்க வெளிய கொண்டு போறல்லயே. ஷிம்லாட உம்மா அப்புடித்தானே சொன்ன?"

பளீலா கார்டைக் கொடுத்தாள். அவளை அதுவரை காத்த விதியே அன்று அவள் கையைக் கட்டிப்போட்டது.

இரண்டு நாட்களின் பின் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் படங்களைப் பெரிய தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தார்கள். அஸ்காவிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. பூக்கள் அந்தரத்தில் நிற்பதைக் காட்டி எல்லாரையும் வியக்க வைத்தாள். அடுத்து, நெற்றியில் கை வைக்கும் காட்சியை ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். முஆஸின் கை நெருங்க, ஷிம்லாவின் தலை பின்னே சாய்ந்தது, கண்கள் சுருங்கின, மேலுதடு ஒரு பக்கம் இழுபட்டது.

"மச்சிட மூஞ்சப் பாருங்களே, கசாயம் குடிச்ச மாதிரி!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ஷிம்லாவும் சிரித்தாள். அவளுடைய மாமியார் மட்டும், "திரும்ப ஒருக்காப் போடு" என்றார். போட்டார்கள். "இன்னொருக்கா." மூன்றாம் முறை எவரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முஆஸ் வெளியே போய்விட்டார்.

ஹவ்வா மறுநாள் காலையிலேயே பளீலாவின் வீட்டுக்கு வந்து, இவற்றையெல்லாம் சொல்லி அழுதாள்.

"ஒங்கள நம்பித்தானே உள்ளுக்கு எடுத்த பளீலா?"

"வல்லாஹி ராத்தா, நான் அமத்தினது அதுக்குப் பொறகு."

"அப்ப ஆரு அமத்தின?"

"ஆரும் அமத்தல்ல. அது தானா எடுத்து வெச்சிக்கொள்ற."

"தானா எடுக்கிற சாமானுக்கு நீங்க என்னத்துக்கு?"

பளீலா தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப அழிக்க ஏலாதா?" என்று கேட்டாள் ஹவ்வா.

"என்ட கையில ஒண்டுமில்ல ராத்தா. எல்லாம் அஸ்காட கம்பியூட்டர்ல."

"நான் போய் அழிங்க எண்டு கேட்டா, மறைக்க என்னமோ ஈக்கி எண்டுதானே நெனைப்பாங்க?"

அது உண்மை. அழிக்கச் சொல்லவும் இயலாது, விட்டுவிடவும் இயலாது. வந்தவள் கோப்பையில் ஊற்றிய தேநீரைத் தொடாமலே எழுந்து போனாள்.

எந்த முகத்தையும் வினாடியின் நூற்றிருபதில் ஒரு பங்காக வெட்டி எடுத்தால், அதில் வெறுப்பும் அழுகையும் அருவருப்பும் தென்படும். "உம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வாயை நடுவில் நிறுத்தினாலும் அது விகாரமாகத்தான் இருக்கும். ஊரில் கதை பரவியதும், இதை நான் எடுத்துச் சொன்னபோது கேட்டவர்கள் தலையசைத்தார்கள். தலையசைத்துவிட்டு, "எண்டாலும் டீச்சர், அது அவட மூஞ்சிதானே?" என்றார்கள்.

கமரா கடைக்குத் திரும்பிப் போயிற்று. பேசி வைத்திருந்த இரண்டு கலியாணங்கள் பளீலாவின் கையை விட்டுப் போயின. மூன்றாவது வீட்டார், "அந்தக் கமராவக் கொண்டு வர மாட்டீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகத் தொலைபேசியை வைத்தார்கள்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். நான் பளீலாவின் வீட்டில் இருந்தபோது ஷிம்லா தனியே வந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. தன் தொலைபேசியில் அந்தப் படத்தைத் திறந்து நீட்டினாள்.

"ராத்தா, நீங்க கண்ணெடுக்காம என்னத்தானே பாத்துக்கொண்டு ஈந்த?"

"ஓம் மகள்."

"அப்ப இத நீங்களும் கண்டிரிப்பீங்க."

பளீலா பொய் சொல்லப் பழகாதவள். "கண்டதாலதான் மகள் அமத்தாம ஈந்த."

"எனக்கு ஞாவகமே இல்ல ராத்தா. அவர்ட கை குளிர்ந்து ஈந்திச்சா, தலையில குத்தின ஊசி அமந்திச்சா, இல்லாட்டி..." அவள் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "பாக்கப் பாக்க எனக்கே சந்தேகமா ஈக்கி. அவர் ஒண்டும் கேக்கிறல்ல. கேட்டாலும் பரவாயில்ல. இப்பெல்லாம் என்னத் தொட முந்தி, என்ட மூஞ்சத்தான் மொதல்ல பாக்கிறார்."

"எல்லாப் பொண்ணும் அந்த நேரம் கொஞ்சம் ஒதுங்குறதான் மகள். பதினாலு வருசமாப் பாக்கிறன். எத்தின பேர்! பொறகு சிரிச்சிக்கொண்டு ஈக்கிறாங்க, புள்ள குட்டியோட ஈக்கிறாங்க. ஒங்களுக்கு மட்டும் நடந்த ஒண்டில்ல."

ஷிம்லாவின் முகம் மலர்ந்தது. வந்ததற்கு அப்பொழுதுதான் அவள் கதிரையில் அமர்ந்தாள்.

"மெய்யாவா ராத்தா?"

"அல்லாஹ்வுக்காக மெய்."

"அப்ப ஒண்டு காட்டுங்க."

"என்ன மகள்?"

"வேற பொண்ணுட படம். இதே மாதிரி ஒதுங்கினது. ஆரு எண்டு நான் கேக்க மாட்டன். அவருக்கு ஒருக்காக் காட்டிட்டு இப்பவே கொண்டு வந்து தாறன். ஒண்டு போதும் ராத்தா." அவள் கையை நீட்டினாள்.

பளீலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தகைய கணங்களில் அழுத்தாமல் விட்டவள்; தவறி விழுந்த படங்களையும், சஹன் எடுப்பதற்கு முன் ஒன்று விடாமல் அழித்தவள் அவள். அந்த வீட்டில் ஒரு மணப்பெண்ணின் படம்கூட இல்லை.

ஷிம்லா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.