சித்தி கொண்டுவந்த அலையாத்தி

சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு பிச்சாவரம் பக்கத்திலிருந்து வேங்கிக்காலுக்கு வந்த சித்தி, சீர்வரிசையோடு ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொண்டுவந்தாள். வாளி நிறையச் சேறு. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அலையாத்திக் கன்று. கடலே இல்லாத ஊரில் இது பிழைக்குமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். சித்தி அதை மொட்டைமாடியில், மலை தெரியும் மூலையில் வைத்தாள்.

அந்த மரம் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை இலைவழியாக வெளியே தள்ளிவிடும், நக்கினால் கரிக்கும் என்று எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் மாடியேறி ஓர் இலையை நக்கிப் பார்ப்பேன். சப்பென்று இருக்கும். எங்கள் குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் செடிக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு செய்தேன்.

வைத்தியம் எளிது. சமையலறை ஜாடியிலிருந்து நாளுக்கு ஒரு பிடி கல்லுப்பு. பௌர்ணமியன்று அம்மா கையை விட்டபோது ஜாடி காலி. கடைக்குப் போக முடியாதபடி தெருவெல்லாம் கூட்டம். கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், புதுப்பெண் வைத்த சாம்பார் என்று நினைத்து, உப்பில்லாததைப் பிரமாதம் என்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.

அதே வாரம் கன்று இலைகளை உதிர்க்கத் தொடங்கியது. தூக்கிப் போட்டுவிட்டு ரோஜா வைக்கலாம் என்றார் சித்தப்பா. நான் அழுதுகொண்டே, இன்னும் கொஞ்சம் உப்பு போட்டால் சரியாகிவிடும் என்றேன். விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.

அம்மா கையை ஓங்கினாள். சித்தி சிரித்தபடி என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாளியைச் சாய்த்து உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றினாள்.

"அதுக்கு உப்பு மேல ஆசையெல்லாம் இல்லடி. வேற தண்ணி கெடைக்காத எடத்துல தாங்கிக்கும், அவ்ளோதான். கம்மியா இருந்தா அதுக்கும் சந்தோஷம்தான்."

அவள் சொன்னது சரிதான். அடுத்த மாதமே கன்று துளிர்த்துவிட்டது. ரோஜா வரவே இல்லை.

ஆனால் அன்று, மிச்சமிருந்த இலைகளில் ஒன்றை அவள் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதன்மேல் வெள்ளையாக, பொடிப்பொடியாக உப்பு. விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். முகம் சிரித்தபடியேதான் இருந்தது. இமையோரத்தில் மட்டும் தண்ணீர். என் வைத்தியத்தில் கரிப்பு மிஞ்சிப்போயிற்று என்று நினைத்து, கீழே ஓடி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

சித்தி வாங்கவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்டி" என்றாள்.

எது இருக்கட்டும் என்கிறாள் என்று தெரியாமல், சொம்பை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.