கத்திவாக்கத்தில் நான் சந்திக்காத மனிதர்

எங்கள் வீட்டில் பேய்க்கும் இடமில்லை, சாமிக்கும் இடமில்லை. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் ஹவுசிங் போர்டு வீடு, கூடத்தில் ஒரே ஒரு புத்தர் படம். அதற்குக்கூட ஊதுவத்தி ஏற்ற அப்பா விடமாட்டார், புகை வந்தால் கேள்வி கேட்கிற புத்தி மங்கிப்போகும் என்பார். அப்படி வளர்ந்தவன் நான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

டாட்காம் கம்பெனிகள் வந்த வேகத்தில் மூடிக்கொண்டிருந்த காலம் அது. மூடாமல் மிச்சமிருந்த ஒரு தமிழ் இணைய இதழுக்குச் சென்னையைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், வாரம் ஒரு பகுதி. படிப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர்கள், எழுத்துருவை இறக்கி நிறுவிப் படிக்கிற அளவுக்குப் பொறுமைசாலிகள். ஆசிரியர் வசந்தி மேடம் பெங்களூரில் இருந்தார், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, எல்லாம் மின்னஞ்சலும் தொலைபேசியும்தான். அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு ஆள் வரவேண்டும். அந்த ஊர்க்காரர், ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். கோயில், துறைமுகம், கடற்கரை என்று எவ்வளவு எழுதினாலும் "எல்லாம் சரி, ஆள் எங்கே?" என்றுதான் பதில் வரும். சில வாரம் ஆள் கிடைப்பார், சில வாரம் கிடைக்கமாட்டார். கிடைக்காத வாரம் நாமே ஒருவரை உருவாக்கி உட்கார வைத்துவிடுவோம். இந்தத் தொழிலில் இருந்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

ராயபுரத்துக்குப் போய்த்தான் எழுதினேன், காசிமேட்டுக்கும் போனேன். எண்ணூர் வாரத்தில்தான் தப்பு செய்தேன். காலையில் கிளம்பிய பேருந்து கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் திருவொற்றியூர் வரை ஊர்ந்து போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை, மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் பார்த்தேன். இறங்கி எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கு முன்பும் எண்ணூருக்கு நான் போனதில்லை. ஆனால் வடசென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன், நான் எழுதினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று ஒரு திமிர். வெளியூர்க்காரன் என்றால் இந்தத் தப்பைச் செய்யப் பயந்திருப்பான்.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினேன். அனல்மின் நிலையப் புகைபோக்கி, மாடித் துணிகளில் படியும் சாம்பல், கழிமுகத்தில் இறால் பிடிப்பவர்கள் என்று எல்லாம் வந்தது. ஆள் வேண்டுமே. கத்திவாக்கம் ரயில் நிலையத்திலிருந்து இடதுபக்கம் போனால் மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலைச் சுவர், அதற்கு எதிரில் ஒரு டீக்கடை, கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த பச்சை பெஞ்சு என்று எழுதினேன். பெஞ்சில் ஒரு மனிதரை உட்கார வைத்தேன். அறுபது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரத்தைச் சட்டைக் கையின் மேலேயே கட்டியிருப்பார். டீயோடு ஒரு பொறை ரொட்டி வாங்கி இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தோய்த்துத் தின்றுவிட்டு, மறு பாதியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். யாருக்கு என்று நான் கேட்கிறேன், "சின்னதுக்கு" என்கிறார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அவருடைய வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன், அதை வசந்தி மேடம் வெட்டிவிட்டார். "சாப்பிடும்போது படிப்பாங்க, நகமெல்லாம் வேண்டாம்" என்றார்.

இந்த ஆளை எங்கிருந்து எடுத்தேன் என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கிருந்தும் இல்லை. கதை விடுகிறவனுக்குக் கை போகிற போக்கில் வருமே, அப்படி வந்தது.

கட்டுரை வந்து மூன்று வாரம் கழித்துச் சேலத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செல்வி என்று ஒரு பெண், இருபது வயது, அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறவள். நீங்கள் எழுதியிருக்கும் மனிதர் என் அப்பா என்று ஆரம்பித்திருந்தாள். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒன்பது வருடத்துக்கு முன்னால் மெட்ராசுக்கு வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பவில்லை. கடிகாரத்தைச் சட்டைக்கு மேல்தான் கட்டுவாராம். டீக்கடையில் பாதி தின்றுவிட்டு மீதியைக் கைக்குட்டையில் முடிந்து அவளுக்குக் கொண்டுவருவாராம். சின்னது என்றுதான் அவளைக் கூப்பிடுவாராம். அவரை இறந்தவராக நினைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று பெரியப்பா நாள் பார்த்துவிட்டாராம், அம்மா அரை மனதோடு சம்மதித்தும் விட்டாராம். கட்டுரையைப் படித்துக் காட்டியதும் அம்மா எழுந்துபோய் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, காரியம் கிடையாது என்று சொல்லிவிட்டாராம்.

இதைப் படித்தபோது எனக்குப் பயம் எதுவும் வரவில்லை, அவமானம்தான் வந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் கடிகாரத்தை அப்படிக் கட்டுவார்கள், எத்தனையோ அப்பாக்கள் தின்பண்டம் கொண்டுவருவார்கள். மன்னிப்புக் கேட்டு, எல்லாம் கற்பனை என்று எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குள் அவளே வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள், எண்ணை வசந்தி மேடத்திடம் வாங்கியிருக்கிறாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அவருக்கு வலது கட்டைவிரல் நகம் ரெண்டாப் பொளந்திருந்துச்சுங்களா? தறியில மாட்டினது."

நம்பினால் நம்புங்கள், அந்த வரியைப் படித்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், நானும் வசந்தி மேடமும். ஆமாம் என்றேன். அந்த வரியை நான் எழுதியது உண்மைதானே, ஆமாம் என்று சொல்லாமல் என்ன சொல்வது? அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் சார் என்றாள்.

சென்ட்ரலில் வைத்தே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் கையில் ஒரு துணிப்பை, அதில் அப்பாவுக்கு ஒரு புதுச் சட்டை, முழுக்கை, அம்மா கொடுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினோம். கொருக்குப்பேட்டை தாண்டியதும் "அந்தக் கட்டுரைல நான் எழுதினது..." என்று ஆரம்பித்தேன். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார், அம்மா மனப்பாடமே பண்ணிட்டாங்க" என்றாள். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோழை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். என் திட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அங்கே போவது, ஏதாவது ஒரு டீக்கடையைக் காட்டுவது, அந்த ஆள் இப்போதெல்லாம் வருவதில்லை போலிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது.

கத்திவாக்கத்தில் இறங்கினோம். மணி பதினொன்று இருக்கும், நல்ல வெயில். அவள் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தாள், அதைப் பார்த்து இடதுபக்கம் நடந்தாள், நான் பின்னால் போனேன். மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் சுவர் இருந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி எத்தனையோ சுவர்கள். எதிரில் டீக்கடை இருந்தது, அதுவும் அதிசயமில்லை. பச்சை பெஞ்சு, ஒரு காலுக்குச் செங்கல். டீக்கடை பெஞ்சுக்குக் கால் உடையாமல் வேறு எது உடையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைக்காரர் ஒரு பாய், ஐம்பது வயது. பாலை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். செல்வியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, ரொம்ப நாளா ஆளயே காணோம்?"

"யாரு, நானா?"

"நீதாம்பா. மய நாளு, நோட்டு வெச்சிகினு இங்கதான குந்திகினு இருந்த, பெர்சு கூட."

செல்வி அப்பாவின் புகைப்படத்தை நீட்டினாள். கல்யாணத்தின்போது எடுத்த பழைய படம். பாய் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவுருதாம்மா. இப்போ முடியெல்லாம் நரச்சுப் பூட்ச்சு, ஆனா இவுருதான். ரெண்டு வருசமா டெய்லி வருவாரு. பேரு கேட்டா சிரிப்பாரு. எங்க வேல, எங்க வூடு, ஒண்ணும் சொல்லமாட்டாரு. நம்ம நைனாகிட்ட மட்டும்தான் பேசினாரு. அன்னிக்கு எய்ந்து போனவருதான், அப்பால வரவே இல்ல."

"பாய், நான் இங்க வந்ததே இல்ல" என்றேன்.

"இன்னாபா பேஜாரு பண்ற. திருவொத்தியூராண்ட லாரிங்க மாட்டிகினு பஸ்ஸே வராத நாளு அது. அவுரு உன் கையப் புட்சிகினு இன்னாமோ கேட்டுகினே இருந்தாரு. நீ அய்துகினு இருந்த. நான்தான் துண்டு குட்த்தேன்." பொய் சொல்கிற முகம் இல்லை. எனக்கு மறதி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ஒரு டீ போட்டு முன்னால் வைத்தார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "என்ன கேட்டாரு சார்?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். நான் எண்ணூருக்கே வரவில்லை, திருவொற்றியூரிலிருந்து திரும்பிவிட்டேன், எல்லாம் நானாக எழுதியது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ரயிலில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், என்னைத் திட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பாள். செங்கல் முட்டுக் கொடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "எங்களப் பத்தித் தப்பா ஏதாச்சும் சொல்லியிருந்தாலும் பரவால்லைங்க சார். நான் தாங்கிக்குவேன். சொல்லுங்க."

அந்தப் பக்கத்துக் குடியிருப்புகள், கூலி ஆட்கள் தங்கும் கொட்டகைகள், முகத்துவாரம் வரைக்கும் புகைப்படத்தோடு அலைந்தோம். யாருக்கும் தெரியவில்லை. மாலை வண்டியில் அவளை ஏற்றிவிட்டேன். புதுச் சட்டையைப் பாயிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், அவர் வந்தால் கொடுக்கச் சொல்லி.

நான் சும்மா இருக்கவில்லை. பாய் வேறு யாரையோ பார்த்திருக்கிறார், நோட்டு வைத்துக்கொண்டு திரிகிறவன் நான் ஒருவன்தானா என்று வைத்துப் பார்த்தேன். அந்த மழை நாளில் நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தேன் என்று என் அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. யாருக்குத்தான் இருக்கும்? எனக்கு நினைவிருக்கிறது, எதிர்ப்பக்கப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், நேராக வீட்டுக்குத்தான் வந்தேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பயணக் கட்டுரையைச் சில மாதத்தில் நிறுத்திவிட்டேன், கொஞ்ச நாளில் அந்த இதழும் நின்றுபோனது.

செல்வியின் அப்பா கிடைக்கவில்லை. காரியமும் செய்யவில்லை, அவள் அம்மா கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார். செல்வி வருடத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவாள், சார் போய் அண்ணா ஆகிவிட்டது. கல்யாணம், குழந்தை என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வருவாள். "ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சாண்ணா?" வரவில்லை என்பேன். கோபித்துக்கொண்டதே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பகல் வேளையில் கூப்பிட்டாள். அம்மா படுத்த படுக்கை, மருத்துவர் கைவிட்டுவிட்டார். "அம்மா கேக்கறாங்கண்ணா. அப்பா கடைசியா என்ன பேசினாருன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும்ங்கறாங்க." எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை பேரை எத்தனை கட்டுரையில் பேச வைத்தவன், சாகக் கிடக்கிற ஒரு அம்மாவுக்காக ஒரு வரி சொல்வதில் என்ன பாவம் என்று தோன்றியது. யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். "சின்னதுக்கு என் மேல இருந்த கோவம் போயிருக்குமான்னு கேட்டார்மா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, அது யாருக்குமே தெரியாது" என்றாள். "சைக்கிள் வாங்கித் தரலைன்னு அவரு கெளம்புற அன்னிக்கு நான் பேசல. போயிட்டு வரேன்னு வாசல்ல நின்னு சொன்னாரு, நான் காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்ல."

அவளே மறுபடி கேட்டாள்.

"அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கண்ணா?"

தெரியாது என்றேன். பரவாயில்லைண்ணா, இதுவே போதும் என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாளில் அம்மா போய்விட்டார், நிம்மதியாகப் போனார் என்று தகவல் வந்தது. அதற்குப் பிறகும் வருடாவருடம் செல்வி கூப்பிடுகிறாள், அந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

கேட்டாலும் நான் சொல்லமாட்டேன். இன்னொரு வரி உருவாக்குவது எனக்குப் பெரிய வேலை இல்லை, நல்ல பதிலாகவே ஒன்றை உருவாக்கலாம். ஆனால் உட்கார்ந்து யோசிக்கவே பயமாக இருக்கிறது. நான் என்னவோ சொன்ன பிறகுதான் அவர் அந்த பெஞ்சிலிருந்து எழுந்து போயிருக்கிறார்.