ஏழு நிமிட லேப்டாப்

எனக்குப் பேச வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் பதினோரு வருடம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்புவதில்லை. அந்தத் தொழிலுக்கு வாய்தான் மூலதனம். என் வாயில் "வணக்கம், நல்லா இருக்கீங்களா" என்பதோடு சரக்கு தீர்ந்துவிடும். ரயில்வே குடும்பத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாயைத் திறப்பது மாலை ஜெபமாலைக்கு மட்டும்தான். அதிலும் புதிதாக யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவனைத் தொண்ணூறுகளில் கிள்ளான், காப்பார் வட்டாரத்தில் எங்கள் கிளையின் நம்பர் ஒன் ஆக்கியது ஒரு பழைய லேப்டாப். என்னோடு வேலை பார்த்த ஒரு சீனர், தொழிலை விட்டுவிட்டு மீன் தொட்டி வியாபாரத்துக்குப் போனபோது எனக்கு விற்றுவிட்டுப் போனது. மடிக்கணினி என்று பிறகு பெயர் வைத்தார்கள். அதை மடியில் வைத்தால் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். சாம்பல் நிறத் திரை, அதில் நீல எழுத்து. ஆனால் ஒரு நாள்கூட அது என்னைக் கைவிட்டதில்லை. காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவேன். மழையில் நனைந்திருக்கிறது, ஒருமுறை பையோடு கீழே விழுந்தும் இருக்கிறது. போட்டால் எரியும்.

இரண்டு குறைகள் மட்டும் அதற்கு இருந்தன. ஒன்று, பேட்டரி. அது என் கைக்கு வரும்போதே செத்துப்போயிருந்தது. கரண்ட் இல்லாமல் ஒரு எழுத்து வராது. அதனால் வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது "பிளக் எங்கே இருக்குண்ணே?" நம் ஆட்களின் வீட்டில் ஹாலில் ஒரு பிளக்கும் சும்மா இருக்காது. டிவி, ரேடியோ, காற்றாடி, சாமி படத்துக்குச் சின்ன விளக்கு என்று ஒவ்வொரு பிளக்குக்கும் ஓர் ஆள் இருக்கும். கடைசியில் சமையலறையில், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். மற்ற ஏஜெண்டுகள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் சமையலறை மேசையில், உரித்த வெங்காயத்துக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாவது குறை, வேகம். வயது, எத்தனை வருடம், எவ்வளவுக்கு என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்குக்கு ஒரு பட்டனைத் தட்டினால், திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். ஒரு புள்ளி, சற்று யோசனை, இன்னொரு புள்ளி. அந்த வரிசை திரையின் மறுமுனையைத் தொட ஏழு நிமிடம் ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுவில் நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் மறுபடி முதல் புள்ளியிலிருந்து தொடங்கும்.

பேச வராதவன் ஏழு நிமிடம் என்ன செய்வான்? புள்ளியைப் பார்ப்பான். முதல் நிமிடம் அவர்களும் என்னோடு சேர்ந்து புள்ளியைப் பார்ப்பார்கள். இரண்டாவது நிமிடம் அந்த அம்மா எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் பேச ஆரம்பித்துவிடுவார். என்னிடம் அல்ல, தங்களுக்குள்.

காப்பாரில் ஒரு லோரி டிரைவர் வீடு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது நிமிடத்தில் அவர் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்த ரெண்டு புள்ளைங்கள நான் எங்க கொண்டு போறது?" என்று கேட்டார்.

"வெளி ஆளு இருக்கறப்ப என்ன பேச்சு லா இது?"

"லோரி ஓட்டுறீங்க. கேக்கக்கூடாதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கணும்னு இருக்கேன்."

வெளி ஆளாகிய நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழாவது நிமிடத்தில் திரையில் கணக்கு வந்தபோது அதை யாரும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். கிளம்பும்போது, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே பேச்சைச் சொன்னேன். "நாமினி பேர சரியா போட்டுக்குங்கண்ணே. நமக்கு ஒண்ணு ஆயிட்டா காசு அவங்களுக்குத்தான் போகும். குடும்ப நெலம மாறுனா அந்தப் பேரையும் மாத்திடணும், மறந்துடாதீங்க." எல்லா வீட்டிலும் இதைச் சொல்வேன். ஒரு வீட்டையும் விட்டதில்லை.

இரண்டு வருடம் தொடர்ந்து நான்தான் கிளையில் முதல். மேனேஜர் ஒரு கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றி, வெற்றியின் ரகசியத்தைச் சொல்லச் சொன்னார். நான் மைக்கைப் பிடித்து, "நான் காது கொடுத்துக் கேட்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரே வரி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வெகுநேரம் கை தட்டினார்கள். அவர்கள் தட்டியதில் தவறில்லை. நானும் அதை நம்பிவிட்டேன் என்பதுதான் கொடுமை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் மேனேஜர் என் லேப்டாப்பை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அவர் வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர். எப்போதும் சென்ட் வாசனையோடு இருப்பார், எல்லோரையும் பாஸ் என்பார். "பாஸ், நம்பர் ஒன் ஏஜெண்டு நீங்க. இந்தக் கல்லறைக் கல்லத் தூக்கிக்கிட்டு வீடு வீடா போறீங்களே, பாக்கறவன் என்ன நெனப்பான்? கலர் லேப்டாப் வந்துருச்சு லா. கணக்கெல்லாம் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துரும்."

வாங்குவதா வேண்டாமா என்று நான் நான்கு மாதம் யோசித்தேன். அந்த நான்கு மாதத்தில் ஒரு மனிதன் வீடே கட்டி முடித்திருக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே ஊதி, மறுபடி மூடினார். "அண்ணே, இதுல ஒரு கோளாறும் இல்ல. அதான் பிரச்சன. கெட்டுப்போயிருந்தா மாத்துங்கன்னு சொல்லிருவேன். நல்லா இருக்கறதுக்கு நான் என்னத்த சொல்றது?" என்றார். சுபாங் ஜெயாவில் இருந்த ஒரு நண்பர் புதியது வாங்கியிருந்தார் என்று அங்கே போய்ப் பார்த்தேன். திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் அதில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

மனைவியிடமும் கேட்டேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்.

"பழசு கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

நான் லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? வேற எதயாவது எங்கிட்ட கேட்டிருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். எல்லா வீட்டிலும் மனைவிமார் சொல்வதுதானே என்று நான் அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் மேனேஜருக்கே பொறுமை போய், தன்னுடைய புதிய லேப்டாப்பை ஒரு வாரம் பாவித்துப் பார்க்கும்படி கொடுத்தார். திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும் என்பது பேச்சு.

முதல் வீடு கிள்ளானில். பேட்டரி முழுதாக இருந்ததால் பிளக் கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் முதன்முறையாக ஹாலில் சோபாவில் உட்கார்ந்தேன், ஏதோ மாப்பிள்ளை மாதிரி. வீட்டுக்காரர் எதிரில். அவர் மனைவி உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. விவரங்களை அடித்துப் பட்டனைத் தட்டினேன். விரலை எடுப்பதற்குள் கணக்கு வந்துவிட்டது, மூன்று கலரில்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

பார்ப்பதற்குப் புள்ளி இல்லை. அதனால் அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஏஜெண்டு என்பவன் பேச வேண்டும். நான் "நல்லா இருக்கீங்களா?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டேன்.

"நல்லா இருக்கேன். யோசிச்சு சொல்றேன் லா" என்றார்.

நான் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா தேநீரோடு ஓடி வந்தார். நின்றபடியே குடித்தேன். அந்த வாரம் ஐந்து வீடு போனேன். ஐந்து வீட்டிலும் யோசிக்கிறேன் என்றார்கள். காப்பாரில் ஓர் ஆன்டி மட்டும் வெளிப்படையாகவே சொன்னார். "தம்பி, டாக்டருகூட கொஞ்ச நேரம் நாடி பிடிச்சுப் பாத்துட்டுத்தான் மருந்து எழுதுவாரு. நீங்க வந்ததும் எழுதிட்டீங்களே."

எனக்கு அவமானமாக இருந்தது. மேடையில் கை தட்டு வாங்கியவன் நான். ஆனால் விற்றது நான் அல்ல, அந்த ஏழு நிமிடம். நான் அதற்கு பிளக் தேடிக் கொடுத்தவன். புதியதை வாங்கினால் என் பிழைப்பு போய்விடும். பழையதையே வைத்துக்கொண்டால், கிளையின் நம்பர் ஒன் ஒரு பழுதான பேட்டரி என்பதை வாழ்நாள் முழுக்க எனக்கு நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு ஆசை பாக்கி இருந்தது, ஒருவேளை அந்த வாரம் நேரம்தான் சரியில்லையோ என்று. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்தபின், அந்த ஏழு நிமிடம் அப்படி என்னதான் செய்கிறது என்று பார்க்க, எங்கள் சமையலறை மேசையில் பழையதை எடுத்து வைத்தேன். ஐஸ்பெட்டி பிளக்கைக் கழற்றிவிட்டு இதைச் சொருகினேன். வெறுமனே எதையாவது அடிப்பதற்குப் பதில் என்னுடைய பாலிசியையே எடுத்தேன். புது ஏஜெண்டு எவனும் முதலில் தனக்குத்தான் விற்றுக்கொள்வான். நானும் ஏழு வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த வாரமே, கல்யாணம் ஆவதற்கு முன்பே எனக்கு ஒன்று எடுத்திருந்தேன். அதன் விவரம் திரையின் மேல் பாதியில் வந்தது. பட்டனைத் தட்டினேன். கீழே முதல் புள்ளி விழுந்தது.

மனைவி தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் படித்தாள்.

"நாமினின்னா, காசு யாருக்குப் போகுமோ அவங்கதானே?"

"ஆமா" என்றேன், பாடம் நடத்தும் பெருமையோடு. பிறகுதான் நானும் அந்த வரியைப் படித்தேன். அதில் என் அம்மாவின் பெயர் இருந்தது. அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம்.

நிறுத்தினால் மறுபடி அதே வரியோடு முதலிலிருந்து வரும். மூடி வைக்கவும் கை வரவில்லை. இரண்டு நிமிடம் இருவரும் புள்ளியைப் பார்த்தோம். மூன்றாவது நிமிடத்தில் அவள் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"ஒவ்வொரு நவம்பரும் அவங்க கல்லறைல மெழுகுவத்தி ஏத்தறது நான்."

"தெரியும்."

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அவங்க எழுந்து வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவாங்களா?"

"மறந்துட்டேன்."

"காப்பார்ல இருக்கற அத்தன பொம்பளைங்களுக்கும் ஞாபகப்படுத்தறீங்க."

மற்ற வீடுகளில் இந்த இடத்தில் நான் புள்ளியைப் பார்த்துத் தப்பித்துக்கொள்வேன். இங்கேயும் பார்த்தேன். அது தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பேச வராதுன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும். ஊரு பேசறதக் கேக்கறீங்களாமே, கை தட்டுனாங்களாமே. நான் பேசறதக் கேக்கவாவது வருமா?"

ஐந்தாவது நிமிடத்தில் நான் பேச ஆரம்பித்தேன். ஐந்து வீட்டையும் பற்றிச் சொன்னேன். புதிய லேப்டாப்பின் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், இந்த வேலை போய்விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது என்ற பயத்தையும் சொன்னேன். கல்யாணமாகி அன்றுதான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினேன். கணக்கு எப்போது வந்து நின்றது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

என் பையில் எப்போதும் நாமினி மாற்றும் ஃபார்ம் ஒரு கட்டு இருக்கும். ஒன்றை உருவி அவள் பெயரை எழுதினேன். அடையாள அட்டை எண் கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் புரிந்துகொண்டு ஒவ்வொரு எண்ணாக, மெதுவாகச் சொன்னாள்.

"புதுச நாளைக்கே திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள்.

"ஏன்?"

"அதுல போட்டிருந்தா நான் படிக்கறதுக்குள்ள மூடி வெச்சிருப்பீங்க."

திங்கட்கிழமை புதிய லேப்டாப்பை மேனேஜரின் மேசையில் வைத்து, பழையது நன்றாக வேலை செய்கிறது என்றேன். கூடவே அந்த ஃபார்மையும் வைத்தேன், அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. கலர் லேப்டாப்பை வேண்டாம் என்பவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தார், அதற்குள் ஃபார்மைப் படித்துவிட்டார். பழைய நாமினி, இறந்த தேதி, புதிய நாமினி. என்னை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை.

பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "பாஸ், இன்னொரு ஃபார்ம் இருக்கா?" என்றார்.