முட்டை பார்க்கிற பல்

எங்க ஊர்ல ஈஸ்டர் அன்னிக்கு முட்டை மோதுறதை யாராவது சின்னப் பிள்ளைங்க விளையாட்டுன்னு சொன்னா, அவங்க சட்டையோட திரும்பிப் போக முடியாது. அவிச்சு சாயம் போட்ட முட்டையை ஆளுக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கிட்டு, முனையோட முனை மோதணும். உடைஞ்சவன் வெளிய போகணும். கடைசி வரைக்கும் உடையாம நிக்கிறவனுக்கு ஒரு செம்மறியாட்டுக் குட்டி. ஆட்டுக்குட்டின்னதும் மனுஷனுக்குப் புத்தி எங்கெங்கயோ போகுது. ஒருத்தன் மரத்துல முட்டை கடைஞ்சு சாயம் பூசிக்கிட்டு வர்றான். இன்னொருத்தன் ஓடு கெட்டியான கினிக்கோழி முட்டையைக் கொண்டாந்து கோழிமுட்டைன்னு சாதிக்கிறான். இந்தத் திருடனுங்களைப் பிடிக்கிறதுக்குத்தான் எங்க வீட்டுக்காரர் வுகாஷின் இருக்காரு.

மத்த நாள்ல அவரைக் கண்டு யாரும் எழுந்து நிக்க மாட்டாங்க. கால்வாய் மதகைத் திறந்து மூடுற வேலை. சூப்புல உப்பு இல்லேன்னாகூட நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஆனா ஈஸ்டர் அன்னிக்குப் பூசை முடிஞ்சதும் சர்ச் மைதானத்துல மேசைக்குப் பின்னால நாற்காலி போட்டு உட்காருவாரு பாருங்க, பிஷப்பு தோத்தாரு. எல்லாரும் வரிசையில வந்து முட்டையை நீட்டணும். அவரு வாங்கி வலது முன்பல்லுல டிக், டிக்குன்னு தட்டுவாரு. கண்ணை மூடிப்பாரு. அப்புறம் "முட்டை" அப்படீம்பாரு, இல்லன்னா "மரம்" அப்படீம்பாரு. மரம்னுட்டா அங்கேயே கத்தியால வெட்டிப் பார்ப்பாங்க. மரம்னு பேர் வாங்கினவன் அப்புறம் சாராயக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இதுல வயித்தெரிச்சல் யாருக்குன்னா, வெளியாளுக்கு இல்ல, என் கூடப்பிறந்த அண்ணன் லாசாருக்கு. அந்த நாற்காலி மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. "மாப்ள தட்டுறது வெறும் நடிப்பு. மூஞ்சியப் பார்த்துட்டு குத்துமதிப்பா அடிச்சு விடுறாரு"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. ஊரும் தலையாட்டும். எனக்குப் பத்திக்கிட்டு வரும், ஆனா அண்ணனாச்சே.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. விடிஞ்சும் விடியாத நேரம். கோழிக்கூண்டுக்குப் போன மனுஷன், உதட்டுல ரத்தம் ஒழுக, ஒரு முட்டையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ஓடி வந்தாரு.

"அடியே நெவெங்கா! இப்படி ஒரு முட்டையை என் ஜென்மத்துல பார்த்ததில்லடி! சர்ச் மணி கணக்கா பேசுது! நம்ப முடியாம இன்னொரு தடவை கொஞ்சம் ஓங்கித் தட்டினேனா..."

அவரு வாயைத் திறந்ததும் பார்த்தேன். வலது முன்பல்லு ஒரு மூலை இல்ல. சாய்வா பேர்ந்து போயிருந்துச்சு.

"அது முட்டை இல்ல மனுஷா, கல்லு! கோழி வேலியோரமா போய் முட்டை விடுதேன்னு அதை ஏமாத்திக் கூட்டுலயே விட வைக்க நேத்து நான்தான் அங்க ஒரு கல்முட்டையை வச்சேன்" அப்படீன்னேன்.

சொல்லிட்டு, சத்தியமா அடக்கத்தான் பார்த்தேன், முடியல. இடுப்புல கட்டியிருந்த சமையல் துணியை வாயில திணிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அவரு விறகு வெட்டுற கட்டை மேல அப்படியே உட்கார்ந்துட்டாரு. மூஞ்சியப் பார்த்ததும் என் சிரிப்பு நின்னு போச்சு.

"பல்லு போனா போயிட்டுப் போகுது நெவெங்கா. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவனை அந்த நாற்காலியில விடுவாங்களா? உங்கண்ணன் ஏறி உட்கார்ந்துப்பான். வருஷத்துல அந்த ஒரு நாள்தாண்டி நான் மனுஷன்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு நெஞ்சுல குத்திடுச்சு. இப்படி ஒரு நினைப்பை வயித்துல வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினாருன்னு இருந்துச்சு. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்.

உடைஞ்ச துண்டைத் தேடிப் போனோம். வைக்கோலுக்குள்ள வெள்ளையா என்னமோ மின்னுச்சு. அவரு குனியறதுக்குள்ள புள்ளிக்கோழி வந்து கொத்தி முழுங்கிட்டுப் போயிடுச்சு. அதைத் துரத்திப் பிடிச்சு என்ன பண்றது? பெரிய நோன்பு வாரம், கறி ஆகாது, அறுக்கவா முடியும்!

வால்நட் கடிச்சதுல உடைஞ்சதுன்னு வெளிய சொல்லி வச்சோம். சொன்னதுதான் தாமதம், ஊரே வைத்தியர் ஆயிடுச்சு. எதிர்வீட்டு பெர்சிதா அக்கா, "கிராம்பை நசுக்கி வை, கூரா இருக்கிற எடத்துல தேன்மெழுகை உருட்டி ஒட்டு, நாக்கைக் கிழிக்காது"ன்னாங்க. அது கொஞ்சம் உருப்படியான யோசனை. மதகுல கூட வேலை பார்க்கிறவன், பிளம் சாராயத்தை வாயில ஊத்திக் கொப்பளிக்கச் சொன்னான். இவரு கொப்பளிச்சாரு, ஆனா துப்பினதை நான் பார்க்கல. எங்கண்ணன் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, குதிரையை விலை பேசுறவன் மாதிரி உள்ள எட்டிப் பார்த்தாரு.

"வால்நட்டை எவன் மாப்ள முன்பல்லால கடிப்பான்?"

"நான் கடிப்பேன் மச்சான். என் பல்லு, என் வால்நட்டு."

"பிடுங்கிப் போட்டுடு. நிம்மதியா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை வேலையை வேற ஆள் பார்த்துப்பாங்க" அப்படீன்னுட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சாரு. அண்ணனாம் அண்ணன்!

வியாழக்கிழமை பஸ் பிடிச்சு டவுனுக்குப் போனோம். பல் டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நல்ல மாதிரி. "உடைஞ்ச துண்டு எங்கம்மா? அதைப் பால்ல போட்டுக் கொண்டு வந்திருந்தா ஒட்ட முடியுதான்னு பார்த்திருப்பேனே" அப்படீன்னுச்சு.

"அது கோழி வயித்துல இருக்குங்க"ன்னு என் வாய் சும்மா இருக்காம சொல்லிடுச்சு. அவரு என் காலை மிதிச்சாரு.

டாக்டரம்மா மேற்கொண்டு ஒண்ணும் கேக்கல. நரம்புக்கு ஆபத்து இல்ல, கூரா இருக்கிறதை ராவிட்டு அடைச்சுடலாம், பின்னால வேணும்னா கேப்பு மாட்டிக்கலாம்னு விளக்கிச்சு. இவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, "அடைச்ச பிறகு இதுக்குக் காது கேக்குமா?"ன்னாரு.

"எதுக்குங்க?"

"பல்லுக்கு."

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச்சு. நான் கூரையைப் பார்த்தேன்.

அடைச்சதும் பல்லு பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. ஒட்டினது எது, சொந்தப் பல்லு எதுன்னு தெரியல. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாத்தாம ஒரு முட்டையை எடுத்துத் தட்டினாரு. திரும்பவும் தட்டினாரு. "தலையணையில தட்டின மாதிரி இருக்குடி" அப்படீன்னாரு. பெரிய வெள்ளி அன்னிக்கு நான் முட்டைக்குச் சாயம் போடப் போட, அவரு பின்னாலயே வந்து ஒண்ணொண்ணா எடுத்துத் தட்டிக்கிட்டிருந்தாரு. உதடெல்லாம் சிவப்புச் சாயம். சிரிக்கிற நிலைமையில நான் இல்ல.

சனிக்கிழமை அவரைக்காய் சூப்பைத் தொடாம உட்கார்ந்திருந்தவரு, "சும்மா தட்டுற மாதிரி தட்டிட்டு, எல்லாத்தையும் முட்டை முட்டைன்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"ன்னாரு.

"எனக்குத் தெரியும்"னு சொல்ல வாயெடுத்தேன். பாவமா இருந்ததால, "சாப்பிடுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை. "கிறிஸ்து உயிர்த்தார்", "மெய்யாகவே உயிர்த்தார்"னு கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டு எல்லாரும் மைதானத்துக்கு வந்தோம். வரிசையப் பார்த்தேன். எந்த ஈஸ்டருக்கும் அவ்வளவு நீள வரிசை வந்ததில்ல. ஆட்டுக்குட்டி வேற மேசைக்கால்ல கட்டிக் கிடந்து கத்திக்கிட்டிருந்துச்சு.

முதல் ஆளா நின்னது மாவுமில்லுக்காரர் வீட்டுக்குப் புதுசா வந்த மருமக துன்யா. மெழுகால கோலம் போட்டு அவளே சாயம் போட்ட முட்டை. பயந்துக்கிட்டே நீட்டினா. அவளுக்குப் பின்னால எங்கண்ணன், ரெண்டு கையும் கோட்டுப் பைக்குள்ள.

டிக், டிக்.

இவரு கண்ணை மூடினாரு. திறந்தாரு. திரும்பவும் தட்டினாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ம..."ன்னு உதடு குவிஞ்சுது. துன்யா அவரையே பார்த்துக்கிட்டிருந்தா, கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. புகுந்த ஊர்ல முதல் ஈஸ்டரே திருடிப் பட்டம் வாங்கினா அந்தப் பொண்ணு எப்படி வாழும்?

இவரு முட்டையை அவ உள்ளங்கையில திருப்பி வச்சுட்டு எழுந்தாரு.

"எனக்குக் கேக்கலம்மா. என் பல்லு செவிடாப் போச்சு. ஊர்க்காரங்களே, நான் வால்நட் கடிக்கல. எங்க வீட்டுக் கோழிக்கூண்டுல கல்முட்டையை நிஜமுட்டைன்னு நெனச்சுத் தட்டி உடைச்சுக்கிட்டேன். உடைஞ்ச துண்டைக் கோழி தின்னுடுச்சு."

மைதானத்துல வெடிச்சுது பாருங்க சிரிப்பு! பாதிரியார் தாடியைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கினாரு. பெர்சிதா அக்கா தரையிலேயே உட்கார்ந்துட்டாங்க. "நாற்காலியை விடு மாப்ள! கல்லையும் முட்டையையும் தெரியாதவனுக்கு நாற்காலி ஒரு கேடா!"ன்னு எங்கண்ணன் முன்னால பாய்ஞ்சாரு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

துன்யாதான் மெதுவாக் கேட்டா. "மாமா, பக்கத்துப் பல்லு நல்லாத்தானே இருக்கு? அதுல தட்டிப் பார்த்தா என்ன?"

நாசமாப் போச்சு! அத்தனை நாளா ராவும் பகலும் புலம்பினோமே, எனக்கும் தோணல, அவருக்கும் தோணல. பிறந்ததிலிருந்து வலது பல்லு, வலது பல்லுன்னே இருந்துட்டாரு மனுஷன்.

அவரு திரும்ப உட்கார்ந்தாரு. முட்டையை வாங்கி இடது பல்லுல தட்டினாரு. டிக். கண்ணை மூடினாரு. மூடினபடியே மூஞ்சி மலர்ந்துச்சு.

"முட்டை! அருமையான முட்டை தாயி! அடுத்தது யாரு?"

அடுத்து யாரும் வரல. எங்கண்ணன் நின்ன இடம் காலியா இருந்துச்சு. "அடுப்புல பாத்திரத்தை வச்சுட்டு வந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே அவரு வெளிவாசல் பக்கம் போயிக்கிட்டிருந்தாரு. ஈஸ்டர் அன்னிக்கு அண்ணன் வீட்டு அடுப்பை அண்ணிதான் பார்ப்பா, அவருக்கு அடுப்பு எந்த மூலையில இருக்குன்னுகூடத் தெரியாது. அவரு பின்னால சாராயக்கடைக்காரன். அவன் பின்னால மூணு நாலு பேரு, பையில கையை விட்டபடி. பல்லு உடைஞ்ச சேதி கேட்டு ஆசையா வந்து நின்ன வரிசை, கண்ணெதிர்லயே பாதியாச் சுருங்கிடுச்சு. நடிப்பாம்ல, குத்துமதிப்பாம்ல!

அவரு நாற்காலியை மேசைக்குப் பக்கத்துல நல்லா இழுத்துப் போட்டுக்கிட்டு, அண்ணன் முதுகைப் பார்த்துக் கத்தினாரு.

"மச்சான்! எங்க ஓடுற? காட்டிட்டுப் போ!"