முடிக்காரனின் பச்சைக் கிட்டார்

பாலீஷ்காரருக்கு மரத்தில் கீறல் என்றாலே ஆகாது. யாராவது மேசை மேல் சாவிக்கொத்தை வீசினால் போதும், அவருக்கு அது நெஞ்சில் வந்து விழும். மரச்சாமான் பட்டறையில் அவருக்கு அதுதானே பிழைப்பு! அடிபட்ட அலமாரி, கால் தேய்ந்த நாற்காலி, பிள்ளைகள் கிறுக்கிய கட்டில் என்று எது வந்தாலும் மெழுகு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கீறல் இருந்த இடமே தெரியாமல் செய்து அனுப்புவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர், பளபளவென்று பச்சை அடித்த புத்தம்புதுக் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு ஆணியால் சுரண்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மகள் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

விஷயம் வேறு. மகள் நாலு பேர் சேர்ந்த ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்த கிட்டார் இரவல். குழுவில் இன்னொரு கிட்டார் வாசிக்கும் பையனுடையது. அவன் தலைமுடியைப் பார்த்து எல்லாரும் அவனைச் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள். தனக்கென்று ஒன்று வேண்டும் என்று மகளுக்குக் கொள்ளை ஆசை. அதுவும் ஏதோ ஒன்று அல்ல. அவள் அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் ஒட்டியிருந்தாள். கடல் தாண்டிய ஏதோ தேசத்தில் ராக் இசைத்த ஒருவர், இடுப்பு வரைக்கும் முடி, கையில் அடிபட்டு உதைபட்ட ஒரு பச்சை எலக்ட்ரிக் கிட்டார். அவர் பெயர் வாயில் நுழையாததால் அம்மா அவருக்கு முடிக்காரன் என்று பெயர் வைத்தாள். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

"அப்பா, இதே கிட்டார் எனக்குச் செஞ்சு குடுப்பா. இதே கீறல், இதே தழும்பு, ஒண்ணு விடக்கூடாது."

"புதுசா கேளு, செய்றேன். ஓட்டை ஒடசல் செய்யவா நான் தொழில் கத்துக்கிட்டேன்?"

"ஒடசல் இல்லப்பா. அந்த மனுஷன் ஆயுசு பூரா வாசிச்ச தடம் அது."

"சரி சரி, பார்க்கலாம்."

பார்க்கலாம். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அப்பாக்கள் எத்தனை வருஷம் ஓட்டுகிறார்கள்! பட்டறையில் வேலை குவிந்திருக்கிறது, மழை விடட்டும், நல்ல பலகை வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். அவளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல்தானே என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பெற்றவர்கள் இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள். பிள்ளை திரும்பவில்லை. பாழாய்ப்போன காய்ச்சல்!

சில மாதம் கழித்துச் சுருட்டை வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தான். அவள் முதன்முதலில் வாசித்த அதே மண்டபத்தில், அவளுக்காக அவர்கள் குழு ஒருநாள் வாசிக்கப் போகிறதாம். அப்பாவும் அம்மாவும் வரவேண்டுமாம்.

பாலீஷ்காரர் தேதியைக் கேட்டார். மகளின் அறைச் சுவரில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள அவ கிட்டார் தயாராயிடும்பா. அன்னைக்கு நீ அதுலதான் வாசிக்கணும். எம் பொண்ணு கேட்ட கிட்டாரோட சத்தம் அந்த மண்டபத்துல ஒரு தடவையாவது கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"கண்டிப்பா வாசிக்கிறேன்ப்பா" என்றான் சுருட்டை. அவளுடைய நண்பர்கள் எல்லாரும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் அதில் ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் அவர் மகளின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். படம் ஆளுயரப் படம் என்பதால் அளவுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய தாளைப் படத்தின் மேல் ஒட்டி, கிட்டாரின் உடம்பை அப்படியே வரைந்து எடுத்தார். பட்டறையில் மிஞ்சிய மஹாகனிப் பலகையை வாங்கி வந்து அறுத்தார், இழைத்தார். கழுத்துக்கு வேறு பலகை. அதில் பதிக்கிற உலோகக் கட்டைகளின் இடைவெளியை மட்டும் கிட்டார் கடையில் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒயர் வேலைக்குப் பக்கத்துத் தெரு ரேடியோக்காரர் வந்தார். ஈயம் வைத்து ஒட்டிவிட்டு, "எனக்குச் சுருதியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. கரண்ட் போகும், சத்தம் வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பி மாட்டும்போதும் பாலீஷ்காரர் படத்தையே பார்த்தார். தடித்த கம்பி எந்தப் பக்கம், மெல்லிய கம்பி எந்தப் பக்கம் என்று பார்த்து, அதேபோல மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் கீறல். அங்கேதான் மனுஷர் திணறிப்போனார். கையெழுத்து மாதிரி கீறலுக்கும் ஒரு ஓட்டம் உண்டு போலிருக்கிறது. முதலில் போட்டதெல்லாம் வேண்டுமென்றே கிழித்ததாகத் தெரிந்தது. அழித்துவிட்டு மறுபடி பச்சை அடித்தார். ஆணியை வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் நின்று, முடிக்காரனைப் போலவே கிட்டாரைப் பிடித்துப் பார்த்தார். முன்கை எங்கே உரசும்? கட்டைவிரல் எங்கே படும்? பிடித்தவுடன் அவர் மணிக்கட்டு, படத்தில் பச்சை தேய்ந்து மரம் தெரியும் இடத்திலேயே போய் உட்கார்ந்தது. "அளவு கொஞ்சமும் பிசகல" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

"புதுசாச் செஞ்சு பழசாக்குறதுக்கு இவ்வளவு பாடா?" என்று அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டாள்.

"பழசாக்கல. பாப்பா கேட்ட மாதிரி செய்றேன்."

"பின்பக்கம் என்ன செய்வீங்க? அதுதான் படத்துல இல்லையே."

நியாயமான கேள்வி. முடிக்காரனின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பின்பக்கத்தை யார் பார்த்தது? இடுப்புவாரின் கொக்கி உரசி உரசி அங்கே பெரிய காயம் இருக்கும் என்று மகள் ஒருதடவை சொல்லியிருக்கிறாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மனைவி உள்ளே போய், அலமாரியைத் திறந்து, மகளின் இடுப்புவாரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பெரிய பித்தளைக் கொக்கி. "இது என்னடி, மாட்டுக்குக் கட்டுற மாதிரி" என்று அவளை இதே அம்மாதான் கிண்டல் செய்திருக்கிறாள். அந்தக் கொக்கியை வைத்துப் பின்பக்கம் முழுக்க உரசினார் பாலீஷ்காரர். கண்ணீர் விழுந்த இடத்தைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி உரசினார்.

கச்சேரிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுருட்டையை வரச்சொன்னார். அவன் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிட்டார் கட்டில்மேல் ஒரு போர்வைக்குள் இருந்தது. போர்வையை விலக்கியதும் பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ அப்பா! நிஜக் கிட்டாரையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? அதே தழும்பு... அதே சிகரெட் சுட்ட கறை..."

பாலீஷ்காரர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். "வாசிப்பா, வாசி" என்றார்.

சுருட்டை கிட்டாரின் வாரைத் தோளில் மாட்டினான். மாட்டியவன் அப்படியே நின்றான். இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். அவன் முகம் சுருங்கிப்போனது.

"என்னப்பா, ஏதாவது குறையா? சொல்லு, இன்னும் நாள் இருக்கு."

"குறை ஒண்ணும் இல்லப்பா. ஆனா... இது இடதுகைக்காரங்க வாசிக்கிற கிட்டார். என்னால இதுல வாசிக்க முடியாது."

"அது எப்படி? படத்தைப் பார்த்துதானே செஞ்சேன்?"

சுருட்டை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். "அந்த ஆளு வலதுகைக்காரர்ப்பா. அவ படத்தையே கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி அச்சடிச்சிருக்கா. அவர் சட்டையப் பாருங்க. ஆம்பளச் சட்டையில பட்டன் வலப்பக்கம் இருக்கும். இதுல இடப்பக்கம் இருக்கு."

பாலீஷ்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார். மில்லிமீட்டர் விடாமல் அளந்த கண்ணுக்கு அந்தப் பட்டன் தெரியாமல் போயிருந்தது.

"அச்சடிக்கிற கடைக்கு நானும்தான் கூடப் போனேன்" என்றான் சுருட்டை. "கடைக்காரர்கூடச் சொன்னாரு, 'திருப்பிப் போட்டா ஆளு இடதுகையா ஆயிடுவாரேம்மா'ன்னு. 'அதுதான் வேணும்'னு சொன்னா."

"எதுக்கு?"

சுருட்டை கிட்டாரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தான்.

"எதுக்குன்னு கேக்கறேன்ல. சொல்லுப்பா."

"எங்கிட்டார்ல வாசிக்கும்போதெல்லாம் சொல்வாப்பா. 'கம்பி சுண்டுற இந்தக் கை எங்கப்பா குடுத்த கைடா. எனக்குன்னு ஒரு கிட்டார் வரட்டும், என் கையால வாசிக்கிறேன்'னு. கோபமா சொல்லல அப்பா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்வா."

சிரித்துக்கொண்டு சொன்னாளாம். அதுதான் பாலீஷ்காரருக்குத் தாங்கவில்லை. நாலு வயதில் அவள் இடக்கையில் பென்சிலைப் பிடித்தபோது, அளவுகோலால் விரல் கணுவில் தட்டித் தட்டி வலக்கைக்கு மாற்றியவர் அவர்தான். ஆத்திரத்தில் செய்யவில்லை, பயத்தில் செய்தார். ஏனென்றால் அவரும் பிறவி இடக்கைக்காரர். அவரை அவர் அப்பா இழைப்புளிப் பிடியால் அடித்து மாற்றினார். அப்படியும் பட்டறையில் 'நொட்டாங்கை' என்று கேலி செய்து அழவைத்தார்கள். தன் பிள்ளைக்கு அந்தக் கேலி வேண்டாம் என்று நினைத்தார். படத்தில் முடிக்காரன் கிட்டாரைப் பிடித்திருந்த விதம் அவர் கண்ணுக்கு ஏன் உறுத்தவில்லை என்பது இப்போது புரிந்தது. அதுதான் அவருக்கும் இயல்பான பக்கம். வேறு யாராக இருந்தாலும் கையில் எடுத்தவுடன் கண்டுபிடித்திருப்பார்கள்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, பச்சப்புள்ள விரல்ல அடிக்காதீங்கன்னு! கேட்டீங்களா? நீங்க பட்டது போதாதுன்னு அவளுக்கும் குடுத்தீங்களே!" என்று கத்தினாள். கத்திவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.



"கம்பிய மாத்தி மாட்டினா ஓரளவு சமாளிச்சிடலாம்ப்பா" என்றான் சுருட்டை மெதுவாக. "சுரம் கொஞ்சம் பிசகும். பரவாயில்லை."

"வேண்டாம்." பாலீஷ்காரர் கிட்டாரின்மேல் கையை வைத்தார். "இது அவ கைக்குச் செஞ்சது. இன்னொருத்தர் கைக்காக மாத்த வேண்டாம். ஒரு தடவ மாத்தினேனே, அது போதும். நீ உன் கிட்டார்லயே வாசிப்பா. இது வீட்டுல இருக்கட்டும்."

ஆக, அவர் ஆசைப்பட்டது நடக்காது. அந்தச் சத்தம் மண்டபத்தில் கேட்காது. சுருட்டை ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அழுது முடித்த மனைவிதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, கிட்டாரைத் தூக்கிப் புருஷன் மடியில் வைத்தாள்.

"நீங்க பிடிங்க. உங்களுக்கும் அதே கைதானே?"

அவர் பிடித்தார். இடக்கை கம்பிமேல் தானாகப் போய் நின்றது. சுருட்டை ஒயரைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தான்.

"அப்பா, அவ வாசிக்கிற பாட்டு ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல தடிச்ச கம்பிய ஒரே ஒரு தடவ சுண்டணும். எதையும் அழுத்த வேண்டாம். அது அவ இடம்ப்பா. நீங்க சுண்டுங்க. அப்புறம் நாங்க பிடிச்சுக்கறோம். அந்தச் சத்தம் போதும்னு நான் கையக் காட்டினா, உள்ளங்கைய கம்பி மேல வச்சு அமுக்கிடுங்க. நின்னுடும்."

கச்சேரி அன்றைக்கு மண்டபம் பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மனைவி, பக்கத்தில் ரேடியோக்காரர். சத்தம் வர வேண்டுமே என்று மனைவியைவிட அவர்தான் அதிகம் பதறினார். பாலீஷ்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பச்சைக் கிட்டாரின் பின்பக்கம், மகளின் கொக்கி உரசிய பக்கம், அவர் வயிற்றோடு ஒட்டியிருந்தது. விளக்கு வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. சுருட்டை தலையசைத்தான்.

அவர் இடக்கையால் சுண்டினார்.

சத்தம் எழும்பி மண்டபம் முழுக்கப் பரவியது. நாற்காலியின் காலில்கூட அதன் அதிர்வு தெரிந்தது. கூட்டம் அசையவில்லை. கொஞ்சநேரம் கழித்துச் சுருட்டை கையைக் காட்டினான். அவர் பார்த்தார், பார்த்தும் கம்பியைத் தொடவில்லை. மறுபடி காட்டினான். அவர் இடக்கையைக் காற்றில் உயர்த்தியபடியே வைத்திருந்தார். குழு முழுவதும் காத்திருந்தது. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, தானாக அடங்கிய பிறகுதான் பாட்டு ஆரம்பமானது.

எல்லாம் முடிந்து, மேடைக்குப் பின்னால் சுருட்டை அவர் தோளிலிருந்து வாரைக் கழற்றிவிட்டான்.

"கையக் காட்டினேனேப்பா, ஏன் அமுக்கல?"

பாலீஷ்காரர் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ கைய ஒரு தடவ அமுக்கினேனே, அதுவே போதும்ப்பா."