ஊறவைத்து நடுங்க

விதைக்கடைக்காரன் எல்லாரிடமும் சொல்கிற வாசகம் 'ஊறவைச்சு நடுங்க'. அதற்குப் பிறகு நடுங்குவது என்னவோ அவன்தான். பூதலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கு விதைக்கடை. நெல்லும் உளுந்தும்தான் பிழைப்பு. கடைக்கு அழகாக இருக்கட்டுமே என்று பூ விதைப் பாக்கெட்டுகளையும் வாசலில் தொங்கவிட்டேன். மேஜைக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இப்படியெல்லாம் நடந்திருக்கும்.

சொன்னபடி செய்தவர்

புதுவீடு கட்டிய லாரி டிரைவர் ஒருவர் சங்குப்பூ விதை வாங்கினார். "தோல் கெட்டிங்க. ராத்திரி தண்ணியில போட்டு வெச்சுட்டுக் காலையில நடுங்க" என்றேன். கொஞ்ச நாள் கழித்துக் கோபமாக வந்தார். "ஒண்ணுகூட முளைக்கல. தோண்டிப் பார்த்தா வெச்ச மாதிரியே இருக்கு" என்று மண் உதிர எதையோ மேஜையில் போட்டார். வாய் பிரிக்காத பாக்கெட்! அதன் மேல் அச்சடித்த நீலப்பூ மட்டும் பளிச்சென்று பூத்திருந்தது.

"அண்ணே, பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லையே?"

"ஊறவைக்கச் சொன்னீங்க, வெச்சேன். நடச் சொன்னீங்க, நட்டேன். பிரிக்கச் சொன்னீங்களா?"

டீச்சர் வீட்டு அடை

சூரியகாந்தி விதை வாங்கிப்போன டீச்சர் அதைச் சமையல் மேடையில் ஊறவைத்திருக்கிறார். பக்கத்திலேயே அடைக்கு அரிசியும் பருப்பும். கல்யாண நாளன்று மனைவியை அசத்த நினைத்த கணவர், மூன்று கிண்ணத்தையும் மிக்சியில் கொட்டி அரைத்து, சுட்டும் சாப்பிட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் டீச்சர் அவரைக் கடைக்கு விரட்டிவிட்டார்.

"விதையில மருந்து கிருந்து தடவியிருக்கா சார்?" என்று வயிற்றைப் பிடித்தபடி கேட்டார். ஓடிப்போய் அதே ரகப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, மருந்து கலக்காத விதை. அவருக்கு உயிர் வந்தது, எனக்கும்தான். தெம்பாக நிமிர்ந்தார்.

"அப்ப ரெண்டு பாக்கெட் குடுங்க. டீச்சருக்கு நட ஒண்ணு, எனக்கு அரைக்க ஒண்ணு."

வாய்க்காலோடு போன பூ

குத்தகைக்கு நெல் போடுகிறவர் ஒருவர் வேலியோரம் போடச் சங்குப்பூ விதை வாங்கினார். 'ஊறவைங்க' என்றதும் அவருக்குத் தெரிந்த ஒரே வழி நெல் வழி. சாக்கில் போட்டு, கட்டி, வாய்க்காலில் இறக்கிவிட்டார். தண்ணீர் கூடியது, முடிச்சு அவிழ்ந்தது, சாக்கு போயே போய்விட்டது. பழி என் மேல்.

சில மாதம் கழித்து அவர் என் கடையில் இருந்தபோது, வாய்க்கால் போய் முடிகிற கடைமடை ஊரிலிருந்து உளுந்து வாங்க ஓர் அம்மா வந்தார். "எங்க மதகுல ஒரு சாக்கு வந்து சிக்குச்சுங்க. இப்ப கரை பூரா சங்குப்பூ" என்றார். இவர் துள்ளி எழுந்தார். "அது என் பூ!"

அந்த அம்மா அசரவில்லை. "தண்ணியைத்தான் நீங்களே வெச்சுக்கிறீங்க. வழி தவறி வந்த பூவையுமா கேப்பீங்க?"

ஜன்னலில் சிக்கிய கை

தையல்கடை அக்கா அந்திமந்தாரை விதையை ஊறப்போட்ட நேரத்தில், பேராவூரணியில் தங்கைக்குப் பிரசவ வலி என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அங்கிருந்து போன். "தம்பி, விதை அழுகிடும். ஜன்னலோரமா டம்ளர் இருக்கு, கையை விட்டு எடுத்துடுங்க."

போனேன், கையை விட்டேன், டம்ளரைப் பிடித்தேன். பிடித்த கை கம்பிக்கு வெளியே வர மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பத்தோடு வந்து நின்றார். "விதை எடுக்க வந்தேங்க" என்றேன். தெருவே சிரித்தது, நம்பத்தான் ஆளில்லை. மிச்சமிருந்த கையால் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "அய்யோ, நம்ம விதைக்கடைத் தம்பிங்க அது!" என்றார். துடைப்பம் இறங்கி, தேங்காய் எண்ணெய் வந்தது. மணிக்கட்டில் தடவி ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நான் வலியில் கத்தினேன். போனிலிருந்து அக்காவும் கத்தினார்.

"கை மெதுவா வரட்டும் தம்பி, டம்ளரைக் கீழ போட்டுடாதீங்க, அது எங்கம்மா குடுத்த சீர்!"

விதைக்கு ஒரு ராத்திரி ஊறினால் போதும், நாம் சொல்லும் யோசனைதான் வாடிக்கையாளர் வீடு போய்ச் சேர்வதற்குள் அடையாளம் தெரியாமல் ஊதிப்போய்விடுகிறது.