நான் துடைத்த இரண்டு பிளக்குகள்

கம்ப்யூட்டரை எரித்தவன் நான்தான். அந்தோணி அல்ல. இதோ, எழுதிவிட்டேன்!

எழுபதுகளில் திருவொற்றியூரில் ஒரு கம்பி ஆலையில் நான் எலக்ட்ரீஷியன். ராயபுரத்து அந்தோணி என் கூட்டாளி. ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அந்தக் குளிரூட்டிய அறையைப் பார்த்துக்கொள்ள எங்கள் இருவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தலைகால் புரியவில்லை எங்களுக்கு!

பீரோ அளவு நின்ற அந்த இயந்திரத்தின் அடியில் ஒரு பவர் சப்ளைப் பெட்டி. சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட்டை அது குறைத்து, பிரித்து, மேலே அனுப்பும். கணக்குப் போடும் சர்க்யூட் கார்டுகளுக்கு ஐந்து வோல்ட். மெமரிக்குப் பதினைந்து. காற்றாடி மோட்டாருக்கு இருபத்துநான்கு. ஐந்து கேட்பதற்குப் பதினைந்தைக் கொடுத்தால் நொடியில் கருகிவிடும். நிறுவ வந்த பொறியாளர் இதைப் பத்து முறை சொல்லி, கார்டுக்கும் மெமரிக்கும் போகிற, அச்சு அசலாக ஒன்றுபோலிருந்த இரண்டு பிளக்குகளிலும் சாக்பீஸால் எண் எழுதிவிட்டுப் போனார். பின்கதவைத் திறக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையின் ஒவ்வொரு மோட்டாரையும் கழற்றித் துடைத்தோம். இதை மட்டும் அழுக்கோடு விட்டுப் பொட்டு வைப்பதா? நீங்களே சொல்லுங்கள்! தனியாகப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். இரண்டு பிளக்குகளையும் பிடுங்கி, ஈரத்துணியால் பளபளவென்று துடைத்தேன். எண்களும் போய்விட்டன...

பார்த்தும் என்ன செய்தேன்? சுவரில் எந்தப் பிளக்கை எங்கே செருகினாலும் ஒரே கரண்ட்தான் வரும். அப்படிப் பழகிய கை இது. கைக்கு வந்தபடி செருகி, கதவைச் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

விடுமுறை முடிந்த காலை சுவிட்சைப் போட்டவன் அந்தோணி. படீரென்று சத்தம், புகை. சுவரில் வரும் கரண்ட் சரியாக இருக்கிறதா என்று வோல்ட் மீட்டரைப் பார்க்காமல் போட்டிருப்பான் என்று மேலாளர் முடிவு கட்டினார். பார்த்தோமா இல்லையா என்று அவனுக்கே குழப்பம். அன்றே அவனைப் பாய்லர் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பொறியாளர் வர ஒரு வாரமாகும் என்றார்கள். நான் பார்க்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, முதல் வேலையாகப் பிளக்குகளை இடம் மாற்றினேன். பிறகு கை மீட்டரை வைத்துக் கம்பி கம்பியாக அளந்தேன். ஐந்து, பதினைந்து, இருபத்துநான்கு... எல்லாம் சரி! கருகிய நான்கு கார்டுகளைக் கண்டுபிடித்து, அலமாரியிலிருந்த உதிரிக் கார்டுகளை மாற்றிப் போட்டேன். மாலை ஐந்து மணிக்கு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, பிரிண்டர் தடதடவென்று தாளைத் தள்ளியது!

அடடா, அந்த ஆனந்தம்! அந்த வட்டாரத்தில் எவன் செய்திருப்பான் அந்த வேலையை? இன்றும் மார்தட்டுவேன். அந்தத் திறமை பொய்யில்லையே... பொய்யா?

மறுநாள் ஆலை வாசலில் என்னைத் தோளில் தூக்கினார்கள். கம்ப்யூட்டர் அறைக்கு நானே பொறுப்பாளன் என்று மேலாளர் அறிவித்தார். பாய்லர் கரி படிந்த சட்டையோடு அந்தோணியும் வந்தான். தன் கையால் எனக்கு ரோஜா மாலை போட்டான்.

"நீ இல்லாங்காட்டி என்னை வூட்டுக்கே அனுப்சிருப்பானுங்கோ மாமு. என் தப்ப நீதான் சரி பண்ணிகீறே."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வுடு அந்தோணி. மனுசன்னா தப்பு வர்றதுதான்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் அவனை மன்னித்திருக்கிறேன்... நான், அவனை! ஓய்வு பெறும்வரை அந்தோணி பாய்லர் பிரிவிலேயே இருந்தான்.